நாலு எப்படி அறுபத்தொன்று ஆனது

அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி. பொன்மணி அதை மூன்று தடவை படித்தாள். முதல் தடவை புரியவில்லை. இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது. மூன்றாம் தடவை காது மடல் வரைக்கும் சூடேறிவிட்டது.

'அந்திப் பள்ளித் திட்டம் நடைபெற்ற நல்லமுத்துப்பட்டியில், பிள்ளைகள் வேலை செய்யும் வீடுகளின் எண்ணிக்கை இரண்டு ஆண்டுகளில் நான்கிலிருந்து அறுபத்தொன்றாக உயர்ந்துள்ளது. திட்டம் நடைபெறாத ஒப்பீட்டுக் கிராமத்தில் மாற்றம் ஏதும் இல்லை. எனவே திட்டத்தை நிறுத்திவிடப் பரிந்துரைக்கப்படுகிறது.'

அதாவது, பள்ளிக்கூடம் வைத்ததால்தான் பிள்ளைகள் வேலைக்குப் போனார்களாம். குடையை விரித்ததால் மழை பெய்தது என்கிற மாதிரி. இதைக் கண்டுபிடிக்கச் சென்னையிலிருந்து ஆட்கள் வந்து, இரண்டு வருஷம் ஆராய்ந்து, வழவழப்பான தாளில் சிவப்பும் நீலமுமாகப் படம் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். அச்சடித்தது மட்டும் சிவகாசியில். அந்த ஒன்றில்தான் குறை சொல்ல இடமில்லை.

அந்திப் பள்ளி என்பது பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. சமுதாயக் கூடத்தில் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை ஒரு டீச்சர் இருப்பார். ஒரு கிண்ணம் சுண்டல் கிடைக்கும். பகலில் பள்ளியில் புரியாததை அங்கே உட்கார்ந்து புரியவைத்துக்கொள்ளலாம். பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் ஆரம்பித்தது. பலன் இருந்தால் தொடரும், இல்லாவிட்டால் மூடிவிடும். பலன் உண்டா இல்லையா என்று சொல்லத்தான் இந்த ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமை விருதுநகரில் கூட்டம், அன்றைக்கே முடிவு.

அந்த அறுபத்தொன்றை வீடு வீடாகப் போய் எண்ணியவளே பொன்மணிதான். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த முதல் கணக்கெடுப்பில் அவள் இல்லை. அப்போது சென்னைப் பையன்கள் நாலு பேர் வெள்ளை ஜீப்பில் வந்தார்கள். வெம்பக்கோட்டை ரோட்டிலிருந்து ஒரு வெள்ளை ஜீப் ஊருக்குள் திரும்பினால் நல்லமுத்துப்பட்டியில் என்ன நடக்கும் என்பது அந்தப் பையன்களுக்குத் தெரிய நியாயமில்லை. முதல் வீட்டுக்காரி அடுத்த தெருவுக்குப் போன் அடிப்பாள். பட்டாசுக்கான காகிதக் குழாய் சுருட்டுகிற கம்பியும் பசைச் சட்டியும் கட்டிலுக்கு அடியில் போகும். பிள்ளைகள் கொல்லை வழியாகக் கருவேலங்காட்டுக்குள் இறங்கிவிடும். ஜீப் என்றால் குழந்தைத் தொழிலாளர் ரெய்டு. ரெய்டுக்கு ஊரில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிற பதில் ஒன்று உண்டு: "எங்க வீட்டுல பிள்ளைக யாரும் வேலை பாக்கலைங்க. பள்ளிக்கூடம் போகுதுக."

பையன்கள் அதைப் பயபக்தியோடு கேள்வித்தாளில் குறித்துக்கொண்டு போனார்கள். நாலு வீட்டில் மட்டும் 'ஆம்' என்று வந்தது. அந்த நாலும் அப்போதுதான் வெளியூரிலிருந்து குடிவந்த வீடுகள். ஊர்ப் பதிலை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இரண்டாம் கணக்கெடுப்புக்கு டீசல் செலவு கட்டுப்படியாகாமல், பக்கத்து ஊர்க்காரி, படித்தவள் என்று பொன்மணியை எடுத்தார்கள். ஒப்பீட்டுக் கிராமத்துக்கு மட்டும் பழைய பையன்களே பழைய ஜீப்பிலேயே போனார்கள். பொன்மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவளுடைய அம்மா தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்கிற தொழிற்சாலைக்குப் போகிறவள். இந்த வேலையின் சங்கதி அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கம்பியை எடுத்துத் தானும் குழாய் சுருட்டினாள். தாளைக் கம்பியில் சுற்றி, ஓரத்தில் பசை தடவி, உருட்டி உருவிப் போட வேண்டும். நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத வேலை. முகம் பார்க்காமல் பேசும்போது பொய் சொல்லவும் தோன்றாது போலிருக்கிறது.

"நிசத்தச் சொல்லட்டா, ஜீப்புக்காரனுக்குச் சொன்னதச் சொல்லட்டா?" என்று கேட்டாள் சண்முகத்தாய். பகலில் பட்டாசுக் கம்பெனி, சாயங்காலம் வீட்டில் குழாய் என்று இரண்டு பாடு படுகிறவள்.

"நிசத்தச் சொல்லுங்க மதினி. தாள்ல நம்பர்தான் இருக்கும். உங்க பேரு என் வாயிலருந்து வெளிய போகாது."

"அப்ப எழுதிக்கோ. எம்மக ஹர்ஷினி எட்டாப்பு படிக்கா. வீட்டுல குழாயும் சுருட்டுதா. ஏஜெண்டு தாள் லோடு எறக்கிட்டுப் போனா ஒத்தக் கையால முடியுமா?"

அப்படி ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. அறுபத்தொரு தடவை 'ஆம்' கட்டத்தில் பொன்மணி டிக் போட்டாள். உண்மையை வாங்கிவிட்ட பெருமையில் அவளுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. அந்த டிக் எல்லாம் சேர்ந்து பள்ளிக்கூடத்தின் மேலேயே வந்து விழும் என்று யார் கண்டார்கள்?

அறிக்கையை மூடிவிட்டு நேராக ஆராய்ச்சி ஆபீஸ் மாடியில் இருந்த ஜெயச்சந்திரன் அறைக்குப் போனாள். ஆராய்ச்சிக்குத் தலைவர் அவர்தான். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்ல படிப்பு, மரியாதையான பேச்சு, எண்ணைத் தவிர வேறெதையும் நம்பாத குணம்.

"சார், முதல் கணக்கு பொய்."

"எப்படிச் சொல்றீங்க பொன்மணி?"

"ஜீப்புல போனீக சார்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா ஆதாரம் வேணும். எந்த நம்பர் எந்த வீடுங்கிற பட்டியல் உங்ககிட்ட இருக்கில்ல? அதைக் கொடுங்க. முதல்ல இல்லைன்னு சொன்ன வீட்டுக்கெல்லாம் நேர்ல போய் உறுதி பண்ணிக்கிறோம்."

"எதுல போவீக?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே ஜீப் நின்றுகொண்டிருந்தது.

"பட்டியல் தர மாட்டேன் சார். வாக்குக் குடுத்திருக்கேன்."

ஜெயச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்படின்னா இன்னொரு வழி இருக்கு. உங்க கணக்கு சரிபார்க்க முடியாததுன்னு தள்ளிடறேன். பழைய நாலையே வச்சுக்கலாம். மாற்றம் இல்லை, இன்னும் பார்க்கணும்னு எழுதிட்டா, திட்டம் இன்னும் ஒரு வருஷம் தப்பிச்சுரும். உங்களுக்காகத்தான் சொல்றேன்."

உண்மையிலேயே நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதனால்தான் பொன்மணிக்குக் கோபம் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது.

"நாலு வீட்டுப் பிள்ளைதான் வேலை பாக்குதுன்னு எழுதுனா, நாலு வீட்டுக்கு எதுக்கு அந்திப் பள்ளின்னு அடுத்த வருசம் கேப்பாக. அப்ப என்ன சார் சொல்லுவீக? ரெண்டும் முடியாது. பட்டியலும் தர மாட்டேன். என் கணக்கையும் அழிக்க விடமாட்டேன்."

"அப்ப வெள்ளிக்கிழமை நான் இந்த அறிக்கையைத்தான் வாசிக்கணும்."

"வாசிங்க. நானும் வாரேன்."

அன்று சாயங்காலமே நல்லமுத்துப்பட்டிக்குப் பஸ் ஏறினாள். ஒளித்து வைப்பதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. சண்முகத்தாய் வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருக்க, அறிக்கையில் உள்ளதைத் தமிழில் உடைத்துச் சொன்னாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிள்ளைகள் வேலை பார்ப்பதை ஒத்துக்கொண்டது ஏஜெண்டு பால்பாண்டி காதுக்குப் போனால் மறுநாளே லோடு வேறு ஊருக்குப் போய்விடும் என்பது பக்கத்து வீட்டு வேலுத்தாயின் கவலை.

சண்முகத்தாய் மட்டும் பொன்மணியை முறைத்துக்கொண்டே இருந்தாள்.

"கூட உக்காந்து குழாய் சுருட்டி எங்க வாயத் தொறக்க வச்சே. இப்ப அந்த வாயே பள்ளிக்கூடத்த மூடிருச்சாக்கும்?"

"ஆமா மதினி."

"நாங்க பொய்யே சொல்லியிருந்தா?"

"இன்னும் ஒரு வருசம் ஓடியிருக்கும்."

"நல்லா இருக்குடி உங்க நியாயம்" என்றாள் சண்முகத்தாய். கம்பியை எடுத்துக் குழாய் சுருட்ட ஆரம்பித்துவிட்டாள். அவளிடம் திட்டு வாங்கியிருந்தால்கூடப் பொன்மணிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கு. வாங்கன்னு நான் கூப்பிடல. கூப்பிடவும் மாட்டேன். வந்தா உங்க பேரு வெளிய வந்துரும்" என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ அழுவது கேட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நீள மேஜை போட்டு, நடுவில் திட்ட அதிகாரியான அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு முந்திரி பிஸ்கட் பொட்டலம். ஜெயச்சந்திரன் சுவரில் படம் காட்டினார். குட்டையாக ஒரு நீலக் கட்டை, பக்கத்தில் கூரையைத் தொடுகிற சிவப்புக் கட்டை. பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

பொன்மணி பின் வரிசையிலிருந்து எழுந்தாள். "மேடம், அந்தச் சிவப்புக் கட்டை நான் எண்ணுனது. அது நிசம். நீலந்தான் பொய்."

"நீங்க யாரும்மா?"

சொன்னாள். ஜீப்பைப் பற்றியும் சொன்னாள். ஒப்பீட்டுக் கிராமத்தில் மாற்றமில்லாததற்குக் காரணம் அங்கே இன்னமும் ஜீப் போவதுதான் என்றாள். அதிகாரி பேனாவை உருட்டினார்.

"இதுக்கு ஆதாரம் இருக்கா?"

"இருக்கு மேடம். தர மாட்டேன்."

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. யாரோ ஒருவர் "நல்ல ஆதாரம்" என்றார். பொன்மணிக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் விஷயம் முடிந்துபோகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அப்போது வாசலில் காவலாளியின் சத்தம் கேட்டது. "உள்ள மீட்டிங் நடக்குதும்மா, அங்கிட்டு நில்லுங்க." அவனை விலக்கிக்கொண்டு சண்முகத்தாய் உள்ளே வந்தாள். பின்னால் அதே தெரு குருவம்மாள், அவளுக்கும் பின்னால் பாதி ஒளிந்தபடி வேலுத்தாய். மூன்றே பேர்தான். ஊரே திரண்டு வந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அன்றைக்கு லோடு இருந்தது, மற்றவர்கள் வரவில்லை. மூன்று பேரும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

பொன்மணி பதறிப்போனாள். "மதினி, வேண்டாம்."

"நீ செத்த சும்மா இரு. நீ சொல்லக்கூடாதுன்னுதான் வாக்கு. எனக்கென்ன வாக்கு?" என்று சொல்லிவிட்டு அதிகாரியைப் பார்த்தாள். "அம்மா, மொதத் தடவ பொய் சொன்னது நாங்கதான். இந்தப் பிள்ளைகிட்ட நிசத்தச் சொன்னதும் நாங்கதான்."

அதிகாரி சாதாரண ஆள் இல்லை. "அன்னைக்குப் பொய் சொன்னவங்க இன்னைக்கு உண்மை சொல்றீங்கன்னு நான் எப்படிம்மா நம்புறது?"

"அன்னைக்குச் சொன்ன பொய்யில எங்களுக்குக் கஞ்சி இருந்துச்சு. இன்னைக்குச் சொல்லுத நிசத்துல லோடு போயிரும், கஞ்சியும் போயிரும். கஞ்சி போறதுக்குன்னு யாராச்சும் பஸ் ஏறி வந்து பொய் சொல்லுவாகளா?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அதிகாரி கொஞ்சம் யோசித்தார். அவருடைய அடுத்த கேள்வி நியாயமான கேள்வி.

"சரி, நம்புறேன். ரெண்டு வருஷமாப் பள்ளிக்கூடம் நடக்குது. இன்னமும் உங்க பொண்ணு வேலை பார்க்குது. அப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்தால என்ன பிரயோஜனம்?"

"முன்னயெல்லாம் நாலரை மணிக்குப் பள்ளிக்கூடப் பைய வச்சதும் ராத்திரி பத்து மணி வரைக்கும் குழாய்தான். இப்ப அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் ஏஜெண்டே வந்து தலைகீழா நின்னாலும் அவ சுருட்ட மாட்டா. 'நான் அந்திப் பள்ளிக்குப் போறேன், நீயே சுருட்டு'ன்னு எங்கிட்டயே சொல்லுதா. எட்டு மணிக்கு மேலதான் கம்பியத் தொடுவா. ஒரு நாளைக்கு மூணு மணி நேரம். எம்மகளுக்கு அதை நானும் குடுக்கல, அவ அப்பனும் குடுக்கல. அந்த மூணு மணி நேரம் உங்க தாள்ல எங்கன இருக்கு?"

எல்லோரும் ஜெயச்சந்திரனைப் பார்த்தார்கள். அவர் கேள்வித்தாளை எடுத்துப் புரட்டினார். இருபத்துமூன்றாவது கேள்வி: 'வீட்டில் பிள்ளைகள் வேலை செய்கிறார்களா?' ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். அவ்வளவுதான். எத்தனை மணி நேரம் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. பொன்மணியும் அறுபத்தொரு தடவை அந்தக் கட்டத்தைத் தொட்டவள்தான். அவளுக்கும் தோன்றியிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"இல்லம்மா" என்றார் ஜெயச்சந்திரன். "அதை நாங்க கேக்கலை."

"நாங்க பொய் சொன்னோம். இந்தா, அம்புட்டுப் பேருக்கு முன்னாடி ஒத்துக்கிட்டோம். நீங்க கேக்கவே இல்ல. அதை யாரு ஒத்துக்கிடுவா?"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கூட்டத்துக்கு ஆட்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

சண்முகத்தாய் முன் வரிசையில் யாருக்கோ ஒதுக்கி வைத்திருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குருவம்மாளும் உட்கார்ந்தாள். வேலுத்தாய் நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டாள்.

"இப்பக் கேளுங்க. கேட்டு எழுதுங்க. எழுதி முடிக்காம நாங்க எந்திரிக்க மாட்டோம்."

ஜெயச்சந்திரன் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். சுவரில் இருந்த படத்தை யாரோ அணைத்தார்கள். ஜெயச்சந்திரன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நாற்காலியை அந்தப் பெண்களுக்கு எதிரே திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"பேரு வேண்டாம்மா. வழக்கம்போல நம்பர் மட்டும் போட்டுக்கறேன்."

"நம்பருக்கு மக கிடையாது சார். எனக்கு இருக்கா. போடுங்க, சண்முகத்தாய், நல்லமுத்துப்பட்டி."

அவர் எழுதினார்.