பாண்டுரங்கன் எடுத்த படம்

ஒடுகத்தூரில் ஸ்டூடியோ வைத்திருப்பவன் நான். வேர்க்கடலை மண்டிக்காரர் மகன் பாண்டுரங்கனுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். அவனுடைய மாமா சிங்கப்பூரிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மஞ்சள் தொண்டைச் சின்னான் என்று ஒரு குருவி. பாறைச் சரிவில்தான் இருக்கும், ஆள் அசைந்தால் பறந்துவிடும். எங்கள் பக்கத்தில் அதை யாரும் படம் எடுத்ததில்லை. முதலில் எடுப்பவன் நானாக இருக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் காவலூர்ப் பாறைகளில் முட்டியைத் தேய்த்திருக்கிறேன்.

எண்பத்திமூன்று மாசியில் இருவரும் சேர்ந்தே போனோம். பழுத்திருந்த அத்திமரத்துக்கு எதிரே சாக்கைக் கட்டி ஒரு மறைப்பு போட்டோம். இருவர் உள்ளே நுழைந்து, ஒருவர் மட்டும் வெளியே வந்து நடந்து போய்விட வேண்டும். குருவிக்குக் கணக்குத் தெரியாது. மறைப்பு காலி என்று நம்பி வந்துவிடும். முதல் நாள் உள்ளே உட்கார்ந்தது நான். ஒரு காக்காய்கூட வரவில்லை. மறுநாள் அவன் முறை.

"அண்ணே, ரோடு வரிக்கும் போய்டுங்க. நடுவுல நின்னுடாதீங்க" என்றான். எனக்கே பாடம் நடத்துகிறான்.

ரோடு வரை போக எனக்கென்ன தலையெழுத்தா? சற்றுத் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கண்டு குருவி வராவிட்டால் வராமலே போகட்டும். எனக்குக் கிடைக்காதது அவனுக்கு மட்டும் எதற்கு? மறைப்பையே முறைத்துக்கொண்டு கேமராவில் புது ரோலைப் போட்டு மூடினேன்.

குருவி வந்தது. அத்திமரத்துக்கு அல்ல, எனக்கும் மறைப்புக்கும் நடுவிலிருந்த புதருக்கு. என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

குருவி பறந்த பிறகும், முப்பத்தாறு படம் தாண்டியும், ஃபிலிமை நகர்த்தும் லீவர் நிற்காமல் சுற்றியது. திறந்து பார்த்தேன். ஃபிலிமின் நுனி உருளையில் மாட்டவே இல்லை. ஒரு படம்கூட விழவில்லை.

பாண்டுரங்கன் எடுத்தது பத்திரிகையில் வந்தது. குருவியின் ஒவ்வொரு இறகும் தெரிகிறது. அதன் பின்னால் நான், காலிக் கேமராவோடு, ஜெயித்தவன்போல் இளித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்தை யாருக்குக் காட்டினாலும் அவன் என் தோளில் கை போட்டுக்கொள்கிறான்.

"அண்ணன் அங்க ஒக்காரலன்னா இந்தப் படமே இல்லீங்க."

மனசாரச் சொல்கிறான், பாவி.