பாதியில் நின்ற அலமாரி

1

இந்தக் கதையில் வரும் வீட்டுக்காரர் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முந்தைய வரைவுகளில் அவரை ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி என்றும், பல் மருத்துவர் என்றும் எழுதித் தப்பிக்கப் பார்த்தேன். சமையலறை என்னுடையது. பாதியில் நின்ற அலமாரி என்னுடையது. அன்று பேசிய பேச்சும் என்னுடையதுதான்.

(அலமாரி செய்யும் அந்தப் பெண்ணை நேரில் 'நீங்க' என்றேன். கதையில் 'அவள்' என்கிறேன். எழுதுகிறவர்கள் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் சலுகை இது.)

2

அழைப்பு மணியை அழுத்துமுன் அவள் ஒரு நொடி நின்று முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.*

தனியாகத் தொழில் தொடங்கி மூன்று வருடம். வேலை இன்னும் கைக்கு வராத வீடுகளில் அவள் இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருப்பாள். சிரித்த முகம் மாறக் கூடாது. முன்னால் வேலை செய்தவரைக் குறை சொல்லக் கூடாது.

* நான் கதவுக்கு உள்ளே இருந்தேன், எப்படிப் பார்த்திருப்பேன்? பின்னால் அவளே சொன்னது.

3

அவளை உட்காரக்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தேன். முன்னால் வந்த தச்சன் பாதியில் போட்டுவிட்டுப் போனவன், இரண்டு வாரமாகப் போனை எடுக்கவில்லை, சரியான ஏமாற்றுக்காரன், உங்கள் தொழிலில் எல்லாருமே இப்படித்தானா என்று கால் மணி நேரம் பொரிந்து தள்ளினேன். அவள் குறுக்கே பேசவில்லை. சமையலறை இல்லாமல் இரண்டு வாரம் கஷ்டம்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு, கீழ் இழுப்பறையை வெளியே இழுத்தாள்.

அவள் கண்கள் கலங்கி

இல்லை. கலங்கவில்லை. நடந்தது இதுதான்: இழுப்பறையின் பின்பலகையை விரலால் தடவினாள். யார் கண்ணுக்கும் படாத அந்த ஓரத்தையும் யாரோ தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார்கள். அப்படிச் செய்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான். சேர்ந்து நடத்திய பட்டறையைப் பிரித்துக்கொண்ட நாளிலிருந்து அவள் பேசாத அண்ணன். முன்கோபி, வாய் நீளம். ஆனால் எடுத்த வேலையைப் பாதியில் விட்டவன் இல்லை. பிறகு ஏன் இரண்டு வாரமாக

4

இங்கே ஒரு நல்ல சண்டை வைத்திருக்கலாம். ஒரு வரைவில் அவள் அளவு நாடாவை வீசியெறிந்துவிட்டுப் போகிறாள். இன்னொன்றில் என் பேச்சுக்கெல்லாம் தலையாட்டி வேலையைப் பிடித்துக்கொள்கிறாள். படித்துப் பார்த்தேன். இரண்டிலும் அவள் இல்லை.

"நீங்களே சொல்லுங்க, இது ஒரு வேலையா?" என்று கேட்டேன்.

அவள் இழுப்பறையைச் சத்தமில்லாமல் மூடினாள். முகம் மாறவில்லை, குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

"வேலை ரொம்பச் சுத்தமா இருக்கு சார். இதைப் பிரிக்க வேண்டாம், இங்கேருந்தே தொடரலாம். போனை எடுக்காதது தப்புதான். ஆனா என்ன ஆச்சுன்னு தெரியாம அவரை ஏமாத்துக்காரர்னு என்னால சொல்ல முடியாது."

"தெரிஞ்சவரா?"

"என் அண்ணன் சார். நீங்க வேற ஆளைப் பாக்கணும்னா பாருங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

என் பதிலாக ஓர் அழகான வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். உண்மையில் சொன்னது, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா என்பதுதான்.

அளவெடுத்தாள். திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பாதிப் படியில் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "அண்ணா, நான்தான்" என்பது வரை கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டேன்.

5

அண்ணனை மருத்துவமனையில் படுக்கவைத்து ஒரு முடிவு எழுதினேன். அவர் பேசாமல் போனை வைத்துவிடுவதாக இன்னொன்று. எதிலும் மனம் ஒட்டவில்லை. வேலை முடிகிற நாளில் அவளிடமே கேட்டுவிட்டேன், அண்ணன் என்ன சொன்னார் என்று.

முதல் நாள் வாசலில் பார்த்த அதே சிரித்த முகம்.

"அது எங்க வீட்டு விஷயம் சார். இந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கணும், அதை மட்டும் சொல்லுங்க."

இரண்டு முடிவில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒன்றை நீங்களே எழுதிக்கொண்டாலும் சரி. நான் இடது பக்கம் என்றேன்.