திரௌபதி பஸ்ஸின் பாட்டுப்பெட்டி

தேரடித் தெருவில் தசரதனின் ரேடியோ கடையும் அவன் தங்கை வேதாவின் பெயர்ப்பலகைப் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. முன்பக்கம் அவனுடைய ஈயப்புகை, பின்பக்கம் அவளுடைய பிளாஸ்டிக் தூள். ஊரில் பெயின்ட் போர்டு மலிந்துபோய், பிளாஸ்டிக் எழுத்து கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டதால், பின்பக்கத்தைக் கேசட் பதிவு பண்ணுகிற ஒருவனுக்கு விட்டுவிடலாம் என்று தசரதன் முடிவு கட்டியிருந்தான். வேதாவுக்குத் தையல் கிளாஸ் கூடப் பார்த்து வைத்தாயிற்று.

அந்த நேரத்தில்தான் கீழ்பென்னாத்தூர் ரூட்டில் ஓடும் திரௌபதி பஸ்ஸின் முதலாளி ராமதாஸ் வந்தார். எதிர் கம்பெனி வண்டியில் மெட்ராஸிலிருந்து ஸ்டீரியோ வாங்கி மாட்டிவிட்டார்களாம். ஜனமெல்லாம் பாட்டுக் கேட்க அந்த வண்டிக்கே ஓடுகிறதாம்.

"நீ பாட்டு மெசினைப் போடு தசரதா, பொட்டி மட்டும் மெட்ராஸ்ல வாங்கிக்கலாம்" என்றார்.

"பொட்டியை நான் செய்றேங்க" என்று உள்ளேயிருந்து வேதா குரல் கொடுத்தாள். "டிரைவர் தலைக்கு மேல அளவா உக்கார்ற மாதிரி. கடையில வாங்குனா அளவு சேராது."

ராமதாஸ் தசரதனைப் பார்த்தார். தசரதன் தங்கையைப் பார்த்தான்.

"சரி செய். நல்லா வந்தா பட்டறை இருக்கட்டும். சொதப்பிட்டா மூட்டை கட்டிடணும், இன்னா?"

"கட்டிடறேண்ணா."

வண்டி ரிப்பேருக்காக ஒருநாள் ஷெட்டில் நின்றது. சாயங்கால டிரிப்புக்குள் பெட்டி ஏறியாக வேண்டும். வேதா விடிந்ததும் உட்கார்ந்துவிட்டாள். கடையில் இருந்ததே ஒரேயொரு கறுப்பு பிளாஸ்டிக் ஷீட். இரும்பு அறுக்கும் பிளேடின் நுனியைக் கொக்கியாகத் தேய்த்து வைத்திருந்தாள். அதால் ஸ்கேலை ஒட்டி நாலைந்து தரம் கீறி, மேசை விளிம்பில் வைத்து ஒரு அழுத்து. படக்கென்று நூல் பிடித்தாற்போல் உடைந்தது. அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். கேசட் போகிற வாயை இழை ரம்பத்தால் அறுத்தாள். சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகுகளுக்கு மூன்று ஓட்டை போட்டாள். பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டவைக்கிற குளோரோபாமைத் தூரிகையில் தொட்டு ஓரங்களில் ஓடவிட்டுப் பலகைகளைச் சேர்த்துப் பிடித்தாள். மேல்பாதியில் வெள்ளை எழுத்தில் 'திரௌபதி' என்று ஒட்டினாள். பார்க்கப் பார்க்க அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

"அண்ணா, மெசினை எடுத்துட்டு வா!"

தசரதன் மெசினைப் பெட்டிக்குள் நுழைத்தான். இழுத்தான். திரும்ப நுழைத்தான்.

"ஏன்டி, கேசட் வாய் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"நீ வெட்டியிருக்கிறது?"

வேதா குனிந்து பெட்டியைப் பார்த்தாள். வாய் வலது பக்கம் இருந்தது. திருகு ஓட்டைகள் இடது பக்கம் இருந்தன.

பெயர்ப்பலகை வேலையில் கண்ணாடி போன்ற ஷீட்டின் முதுகில்தான் எழுத்தை ஒட்டுவார்கள். முன்னாலிருந்து படிக்கும்போது அது நேராகத் தெரியவேண்டும். அதனால் வரைந்த தாளைக் கவிழ்த்து வைத்துத்தான் கோடு இழுப்பது. ஆறு வருஷப் பழக்கம். இன்றைக்கும் கை தானாகத் தாளைக் கவிழ்த்திருக்கிறது. இது முகம், முதுகல்ல என்று கைக்கு யார் சொல்வது?

"பொட்டியைத் தலைகீழா மாட்டலாமா?" என்றான் தசரதன்.

"அப்ப திரௌபதியம்மா தலைகீழா நிப்பாங்க. முதலாளி நம்மளத் தொங்கவிடுவாரு."

அவன் சிரிக்கவில்லை. "தையல் மெசின் நேராத்தான் ஓடும். கவலைப்படாத" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டான்.

வேதாவுக்குச் சுருக்கென்றது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். இடது பக்கம் சரியான வாயை அறுத்தால், தப்பாகப் போட்ட மூன்று ஓட்டையும் அதற்குள்ளேயே போய்விடும். அது போகட்டும். வலது பக்கத்து வாயை அடைக்க வேண்டும். அடைத்த இடத்திலேயே திருகுகளுக்கு ஓட்டையும் போடவேண்டும். அடைப்பு இரும்பாக நிற்காவிட்டால் டிரில் வைத்ததுமே உதிர்ந்துவிடும்.

கறுப்பில் அவ்வளவு பெரிய துண்டு மிச்சமில்லை. சில்லுகளைச் சேர்த்து வைத்து, கறுப்புத் தூளைக் குளோரோபாமில் பஜ்ஜி மாவு பதத்துக்குக் கரைத்து இடுக்கெல்லாம் நிரப்பினாள். காய்ந்ததும் மாவு உள்வாங்கிக் குழி விழுந்தது. குழிக்குள் அம்மைத் தழும்பு மாதிரி கொப்புளம்.

எட்டிப் பார்த்த தசரதன், "பஞ்சர் கடை போர்டு ஒண்ணு எழுதிக்க" என்றான்.

வேதா சின்னச் சுத்தியலை எடுத்தாள். ஒட்டியதையெல்லாம் தட்டி எடுத்தாள். பசையை மொத்தமாக அப்பினால் வற்றத்தான் செய்யும். துண்டுதான் தாங்கி நிற்கவேண்டும். பசை மயிரிழைச் சந்துக்கு மட்டும். ஆனால் முழுத்துண்டுக்கு எங்கே போவது? மூலையில் கிடந்த துண்டுகளைக் கொட்டிக் கிளறினாள். பல் டாக்டர் போர்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய சிவப்புத் துண்டு கைக்கு வந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். வெயில் அதற்குள் புகுந்து, அவள் கையெல்லாம் குங்குமமாகக் கொட்டியது.

அவள் துள்ளி எழுந்தாள்.

"அண்ணா! பாட்டுக்குத் தகுந்த மாதிரி மின்னுற பல்பு வெச்சிருக்கியே, அத எங்க மாட்டப்போற?"

"மேல. ஏன்?"

"மேல வேணாம். திருகுக்குப் பின்னால மாட்டு!"

"எதுக்கு? கறுப்பு வழியா வெளிச்சம் வராதுடி."

"கறுப்பா இருந்தாத்தானே வராது!"

தசரதன் அவள் கையிலிருந்த சிவப்பைப் பார்த்தான். மெதுவாக அவன் கண் விரிந்தது. "அடிப்பாவி" என்றான். அவ்வளவுதான், அவனும் பல்பும் கையுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு வேலை பறந்தது. இடது பக்கத்தில் சரியான வாயை அறுத்தாள். சிவப்பை அரத்தால் ராவி, பெட்டியின் தப்பான வாயில் வைத்துப் பார்த்து, மறுபடி ராவி, கட்டைவிரலால் அழுத்தினால் மட்டும் இறங்குகிற அளவுக்குக் கொண்டுவந்தாள். ஓரத்தில் குளோரோபாம். சந்தில் கறுப்புப் பசை, மெல்லிசாக, காயவிட்டு இன்னொரு தரம். தண்ணீர் தொட்டு உப்புத்தாள் தேய்ப்பு. கடைசியில் பழைய வேட்டித் துணியில் பல்பொடியைத் தொட்டுத் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பும் சிவப்பும் ஒரே கண்ணாடியாயின. விரலை ஓட்டினால் எங்கே ஒன்று முடிந்து எங்கே ஒன்று தொடங்குகிறதென்று தெரியவில்லை.

டிரில் வைக்கும்போது மட்டும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தசரதன் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டான். மூன்று ஓட்டை. ஒரு கீறல் இல்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் மூர்த்தி பெட்டியை மாட்டிக் கேசட்டைத் தள்ளினார். நாதஸ்வரம் எழும்பியது. தவில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் சிவப்புக் கண்ணாடி குபுக் குபுக்கென்று எரிந்து, மூன்று திருகும் தணலில் வைத்தாற்போல் ஜொலித்தன. எதிர் வண்டியில் ஏறப்போன கூட்டம் அப்படியே நின்றது.

"இன்னாடா இது, சூளை எரியற மாதிரி கீது!" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

முதலாளி ராமதாஸ் முன் சீட்டில் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பளபளப்பு இருக்கட்டும். ரோடு குலுக்குற குலுக்குல நிக்குதா, அதப் பாக்கணும்" என்றார்.

வேதாவும் ஏறிக்கொண்டாள். தசரதன் படிக்கட்டில் தொற்றிக்கொண்டான். ஊரைத் தாண்டியதும் ரோடு குண்டும் குழியுமாக வந்தது. ஒவ்வொரு குழிக்கும் வேதாவின் கண் சிவப்பின் ஓரத்திலேயே இருந்தது.

பக்கத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு உட்கார்ந்திருந்த வெள்ளையம்மாள் அவளை இடித்தாள். "ஏம்மே, டிரைவரையே அப்பிடிப் பாக்கிற?"

"ஐயோ, பொட்டியப் பாக்கிறேன் ஆயா!"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றது" என்றாள் கிழவி. வண்டியே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் சக்கரம் ஒரு பெரும்பள்ளத்தில் இறங்கியது. ஜனம் சீட்டை விட்டு எழும்பி விழுந்தது. வெள்ளையம்மாளின் மூட்டை உருண்டது. பாட்டு ஒரு நொடி விக்கியது. வேதா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

தவில் திரும்ப விழுந்தது. கண்ணைத் திறந்தாள். சிவப்பு குபுக்கென்று எரிந்தது.

ராமதாஸ் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பெட்டியிடம் போனார். திருகைப் பிடித்து ஆட்டினார். நகத்தால் சந்தைத் தேடினார். கிடைக்கவில்லை. அப்புறம்தான் திரும்பினார்.

"இந்தச் சிவப்புக் கண்ணாடி யோசனை யாருதும்மா?"

வேதாவுக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. "யோசனை இல்லைங்க. தப்பா வெட்டிட்டேன். அத அடைச்சது."

தசரதன் படிக்கட்டில் தலையில் அடித்துக்கொண்டான்.

ராமதாஸ் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு மூர்த்தியே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கச் சிரித்தார். "அப்ப என்னோட அடுத்த வண்டிக்கும் தப்பாவே வெட்டும்மா. அதுல பச்சை போடு."

"அண்ணா!" வேதா தவில் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "அந்தக் கேசட்டுக்காரன்கிட்ட இடம் இல்லேனு சொல்லிடு!"

"அதான் காதுல விழுந்துச்சே" என்று கத்தினான் தசரதன். "பச்ச ஷீட்டுக்கு எங்கடி போறது, அத மொதல்ல சொல்லு!"