நடுவில் இரண்டடி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விஜயராணியை எனக்குத் தெரியாது. அந்தப் பெயரே நான் வைத்ததுதான்.

பாலக்கரையில் மூடப்போகிற ஒரு மர அறுவை மில்லில் பலகை மலிவாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். புத்தக அலமாரிக்காகப் போயிருந்தேன். அங்கே ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், பச்சைப் பெயிண்ட் உரிந்த பழைய மெஷின் ஒன்றின் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தார். பெல்ட் ஓடும் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். மறுபடி சுற்றினார்.

"பேரிங் போயிருக்கு" என்றார்.

"ஆமாம்மா" என்றார் மில்காரர்.

அவ்வளவுதான். எனக்கு வேண்டிய பலகை கிடைக்கவில்லை. ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அந்தக் குனிந்த தலை நினைவுக்கு வந்தது. நோயாளியின் நெஞ்சில் டாக்டர் காது வைப்பதைப் போல—

(இதை அடித்துவிட்டேன். எல்லாரும் எழுதுகிற உவமை. தவிர, அவர் கேட்டது மெஷினைத்தான்.)

2

'ஓய்வு பெற்ற மறுநாள் ரங்கசாமி ஒரு ரம்பம் வாங்கினார்.'

இதுதான் நான் எழுதிய முதல் வரி. அந்த அம்மாளை ஏன் ரங்கசாமி ஆக்கினேன்? மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஆண் நின்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. எழுதுகிறவனுக்கு வேலை மிச்சம். நாலு பக்கம் சரசரவென்று ஓடியது. பிறகு நின்றுவிட்டது. ரங்கசாமிக்கு எதுவும் தேவைப்படவில்லை. பொழுது போனால் போதும் என்றிருந்தார். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

'விஜயராணியின் அப்பா அந்தக் காலத்தில் பெரிய தச்சர்—'

இல்லை. ஒன்றைக் கற்றுக்கொள்ள எல்லாருக்கும் ஒரு அப்பா வேண்டியதில்லை.

'அது மறைந்த கணவர் ஜெயக்குமாரின் நெடுநாள் ஆசை—'

அதுவும் இல்லை. ஜெயக்குமார் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கும் ஆள் கூப்பிடுகிறவர்.

3

நடந்தது இது.

காட்டூரில், தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு படுக்கையறை வைத்த வீடு. ஜெயக்குமார் இறந்து இரண்டாவது வருடம். ஒரே மகள் தேன்மொழி புனேயில் வேலையில் இருந்தாள். விஜயராணி திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய ஆலைக்கு உதிரிப் பாகம் செய்துகொடுக்கும் ஒரு சிறிய கம்பெனியில், செய்த பாகங்கள் அளவுக்குச் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். (மெஷினை அவர் எப்படிக் காது கொடுத்துக் கேட்டார் என்பதற்கு இதைத்தான் காரணமாக வைத்திருக்கிறேன். நம்பலாம்.)

வீட்டில் ஐந்தடி அகலத்தில் ஒரு தேக்குக் கட்டில். கல்யாணத்துக்குச் செய்தது. தலைமாட்டுப் பலகையில் ஆளுக்கொன்றாக இரண்டு பூ செதுக்கியிருக்கும். நடுவில் வேலைப்பாடு எதுவும் கிடையாது. ஜெயக்குமார் ஜன்னல் பக்கம் படுப்பார், விஜயராணி கதவுப் பக்கம். அவர் போன பிறகும் விஜயராணி கதவுப் பக்கத்து ஓரத்திலேயே படுத்தார். தூக்கத்தில்கூட உருண்டு அந்தப் பக்கம் போகவில்லை. காலையில் போர்வையை உதறும்போது பாதிக் கட்டிலின் விரிப்பு கசங்காமல் இருக்கும். வெறும் விரிப்புத்தான், ஆனாலும் தினமும் அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

கட்டிலைச் சிறியதாக்கிவிடலாம் என்று ஒரு தச்சரைக் கூப்பிட்டார். அவர் நல்ல மனிதர். டேப்பை விரித்து அளந்துவிட்டுக் கேட்டார்.

"எந்தப் பக்கம் குறைக்கணும்மா?"

விஜயராணி ஜன்னல் பக்கத்து விரிப்பை நீவிவிட்டார்.

"இந்தப் பக்கமா, ஜன்னல் பக்கமா? எதுனாலும் எனக்கு ஒண்ணுதான்."

"டீ சாப்பிடுறீங்களா?" என்றார் விஜயராணி. டீயைக் கொடுத்து, யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

*

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: விற்றுவிட்டு வேறு கட்டில் வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மகளும் அதைத்தான் கேட்டாள். "ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி விடட்டுமாம்மா? வீட்டுக்கே வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போவாங்க." விஜயராணி வேண்டாம் என்றார். ஏன் என்று சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

4

மில்காரருக்கு பரக்கத் அலி என்று பெயர் வைத்திருக்கிறேன். கட்டிலைத் தானே குறைத்துக்கொள்வது என்று முடிவு செய்து விஜயராணி அவரிடம் போனார். அவருடைய மெஷின் ஒரு பக்கம் மரத்தை இழைக்கும், மறுபக்கம் வட்ட ரம்பத்தால் அறுக்கும். முழுக்க வார்ப்பிரும்பு. பஞ்சாபிலிருந்து ரயிலில் வந்ததாம், அவருடைய வாப்பா காலத்தில்.

"வீட்டுக்கா கேக்குறீங்க? யாரு ஓட்டப்போறது?"

"நான்தாங்க."

பரக்கத் அலி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா. இது சேலைக்கு ஆகாதும்மா. முந்தானையை இழுத்துரும். கோட்டு மாதிரி ஏதாவது போட்டுக்கங்க. கண்ணாடியும் போடணும். அப்புறம், ஸ்டார்ட் பண்ணா உடனே ஓடாது. கொஞ்சம் முனகும். பயந்துராதீங்க."

குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, இரும்புக் குழாய்களை உருளையாகப் போட்டுத் தள்ளி, கார் நின்ற ஷெட்டில் இறக்கினார்கள். காரை ஏற்கெனவே விற்றாயிற்று. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. பிறகு துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையைக் காலி செய்தபோது பழைய துளை போடும் மெஷின் ஒன்றும், மரத்தைக் கவ்விப் பிடிக்கும் கனமான இடுக்கி ஒன்றும் வந்து சேர்ந்தன.

விஜயராணி மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் வைத்துக்கொண்டு துருவைத் தேய்த்தார். பேரிங் மாற்றினார். வீட்டு லைனுக்கு ஏற்ற மோட்டார் வாங்கிப் பொருத்தினார். மாதங்கள் போயின. இரும்பு மெல்ல மெல்ல வெள்ளையாகித் தெரிந்தது. சாப்பிடும்போது விரலில் எண்ணெய் வாசனை அடித்தது. அந்த மாதங்களில் அவர் பால்காரரைத் தவிர யாரிடமும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசவில்லை.

(இந்தப் பகுதியை இன்னும் நீட்டி எழுதியிருந்தேன், துரு தேய்ப்பதைப் பற்றியே ஒரு பக்கம். படித்துப் பார்த்தபோது அவர் சந்தோஷமாக இருந்ததாகத் தெரிந்தது. அது பொய். அவருக்கு வேலை இருந்தது, அவ்வளவுதான். இரண்டும் வேறு.)

ஒரு நாள் சுவிட்சைப் போட்டார். மெஷின் முனகியது. ஹாலில் விளக்கு ஒரு தரம் மங்கியது. பிறகு முழு ஷெட்டும் அதிர ஓடத் தொடங்கியது. வீட்டுக்குள் அவ்வளவு சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அறுக்க மரம் எதுவும் எடுத்து வைக்காமலே கொஞ்ச நேரம் ஓடவிட்டு நின்றார்.

5

கேட்டைத் தட்டினாள் பக்கத்து வீட்டு மகாலட்சுமி.

"அக்கா, கோச்சுக்காதீங்க. அவரு நைட் ஷிப்ட் முடிச்சு இப்பத்தான் படுத்தாரு."

"அய்யோ, தெரியாம போட்டுட்டேன்." விஜயராணி ஓடிப்போய் நிறுத்தினார்.

முதலில் எழுதியபோது மகாலட்சுமியைச் சண்டைக்காரியாக எழுதினேன். கதைக்கு எதிரி ஒருத்தி வேண்டுமே. ஆனால் பகலில் தூங்குகிற புருஷனுக்காகச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வருகிறவளை எப்படி எதிரியாக்குவது? ஜெயக்குமார் பகலில் தூங்கிய காலத்தில் விஜயராணியும் அதே காரணத்துக்காகத் தெருப் பிள்ளைகளை வேறு தெருவுக்கு விளையாட விரட்டியவர்தான்.

ஒரு ஏற்பாடு வந்தது. ஷிப்ட் மாறுகிற அன்று மகாலட்சுமி மதிலுக்கு மேலாக எட்டிப் பார்ப்பாள். "இந்த வாரம் அவருக்குப் பகல் டூட்டிக்கா. நீங்க ஓட்டுங்க."

அப்படி ஒரு பகல் டூட்டி வாரத்தில், யாரும் நிறுத்தச் சொல்லாமலே மெஷின் ஓடாமல் இருந்தது. மகாலட்சுமி உள்ளே வந்து பார்த்தாள். தலைமாட்டுப் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து ரம்ப மேசையில் சாய்த்துவிட்டு, விஜயராணி பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"நீளமா இருக்கு. இங்கேருந்து தள்ளுனா அங்க யாராச்சும் தாங்கிப் பிடிக்கணும். இல்லைன்னா சாஞ்சிரும்."

இந்த ஒன்று அவர் கணக்கில் வராமல் போயிருந்தது. எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் செய்துவிடலாம் என்று நினைத்திருந்தார்.

6

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தேன்மொழி போன் செய்திருந்தாள்.

"எந்தப் பக்கம்மா வெட்டப்போற?"

"ரெண்டு பக்கமும் இல்லடி. பூ வேலை கெட்டுரும். நடுவுல ரெண்டடி எடுத்துட்டு மறுபடி சேக்கப்போறேன்."





"நடுவுலயா? அங்க நான்தானம்மா படுத்திருப்பேன்."

"அது நீ ஸ்கூல் போற வரைக்கும்."

"சரி. இப்ப நான் வந்தா எங்கம்மா படுப்பேன்?"

இதற்கு விஜயராணி என்ன சொன்னார் என்பதைப் பலவிதமாக எழுதினேன். 'வந்தாத்தானடி' என்று ஒரு முறை; அது குத்தலாக இருந்தது. 'என் பக்கத்துலயே இடிச்சுக்கிட்டுப் படு' என்று ஒரு முறை. அது நான் ஆசைப்பட்டது. 'இன்னொரு ரூம் இருக்குல்ல' என்று—

அவர் சொன்னது: "வா, பாத்துக்கலாம்."

போனை வைத்த பிறகு, முடிவை மாற்றலாமா என்று யோசித்தார். ஜன்னல் பக்கம் குறைத்தால் ஜெயக்குமாரை வெட்டியது போல. கதவுப் பக்கம் குறைத்தால் தன்னையே வெட்டிக்கொண்டு அவர் இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். மரம் நடுவில்தான் வெட்டச் சொன்னது. மரத்துக்கு இவர்கள் யாரையும் தெரியாது.

7

மகாலட்சுமி நைட்டியின் மேல் போட்டிருந்த துண்டை எடுத்து வைத்துவிட்டு மறுபக்கம் போய் நின்றாள்.

"இழுக்காத. அது வர்ற வேகத்துக்குக் கூடவே போ. தாங்கினா போதும்."

"சரிக்கா. எதுக்குக்கா இதைப் போயி வெட்டுறீங்க? நல்லா இருக்கே."

"பெருசா இருக்கு."

மகாலட்சுமி விஜயராணியின் முகத்தைப் பார்த்தாள். பலகையின் ஓரத்தைத் தாங்கிப் பிடித்தாள்.

ரம்பம் தேக்கைத் தொட்டதும் சத்தம் மாறியது. எத்தனையோ வருடம் எண்ணெயும் தலைச்சூடும் பட்டுக் கறுத்த மரத்துக்குள்ளிருந்து, புதிதாக வாங்கியதைப் போல மஞ்சளாகத் தூள் கொட்டியது. வாசனை ஷெட் முழுக்க நின்றது. முதல் வெட்டு முடிந்தது. இரண்டாவது வெட்டில் நடுத்துண்டு தனியாகக் கழன்று மகாலட்சுமியின் கைக்கு வந்தது. அவள் அதைக் குழந்தையை—

(இல்லை. பலகையை வாங்குவது போலத்தான் வாங்கினாள். சுவரில் சாய்த்து வைத்தாள்.)

வெட்டிய ஓரங்களை மெஷினின் மறுபக்கத்தில் இழைத்து, இரண்டையும் சேர்த்து வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் விஜயராணி. இடையில் ஒரு கீற்று தெரிந்தது. மறுபடி இழைத்தார். தெரியவில்லை. பசை தடவி இறுக்கினார்கள். இரண்டு பூவும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன. குறுக்குச் சட்டங்களையும் கீழ்ப்பலகைகளையும் அடுத்த நாட்களில் குறைத்து முடித்தார்கள்.

8

முடிவுக்கு வருகிறேன். சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

தேன்மொழி பொங்கலுக்கு வருகிறாள். குறுகிய கட்டிலில் அம்மாவும் மகளும் ஒருக்களித்துப் படுக்கிறார்கள். உங்களுக்குப் பிடித்திருக்கும். ஆனால் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

தெருவில் உள்ளவர்கள் உடைந்த நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், ஷெட் கலகலக்கிறது. இது அடுத்த வருடம் நடந்தாலும் நடக்கும். இந்தக் கதை இன்று மதியத்தோடு சரி.

மதியம் இரண்டு பேருமாகக் கட்டிலை அறைக்குள் கொண்டுபோய் மாட்டினார்கள். ஆட்டம் இல்லை. மகாலட்சுமி அமுக்கிப் பார்த்து, "கடையில வாங்குன மாதிரி இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் வருகிற நேரம் என்று கிளம்பிப் போனாள்.

விஜயராணி திரும்பி வந்து அறை வாசலில் நின்றார். மெத்தை புதியது, இன்னும் சுருட்டியபடி கதவோரம் இருந்தது. கட்டில் சரியாக இருந்தது. சரியில்லாதது அறை. கட்டிலில் குறைந்த இரண்டடி எங்கும் போகவில்லை, தரைக்கு வந்திருந்தது. வீடு கட்டிய நாளிலிருந்து யாரும் கால் வைக்காத மொசைக் அங்கே மெருகு குறையாமல் பளபளத்தது.

கட்டிலைக் கதவுப் பக்கமாகத் தள்ளினார். பளபளப்பு ஜன்னல் பக்கம் வந்தது. ஜன்னல் பக்கமாக இழுத்தார். கதவுப் பக்கம் போனது. நடுவில் போட்டார். இரண்டு பக்கமும் நின்றது. மூச்சு வாங்கியது. வெறும் பலகையின் மேலேயே உட்கார்ந்தார், நடுவில், இரண்டு பூவுக்கும் முதுகைக் காட்டி.

அந்தக் காலியான இரண்டடியில் நான் ஒரு பீரோவை வைத்துப் பார்த்தேன். நாற்காலி, தையல் மெஷின், துளசித் தொட்டி, இன்னொரு சின்னக் கட்டில்கூட வைத்துப் பார்த்தேன். எதை வைத்தாலும் வைத்தது நான்தான் என்று தெரிந்தது.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அறை இருந்து, நீங்கள் ஏதோ ஒன்றைச் செய்து சமாளித்திருப்பீர்கள் என்றால், அதையே இங்கே எழுதிக்கொள்ளுங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.