ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன இன்ஸ்பெக்டர்

1
இந்தக் கதையை இலக்கிய ஆர்வத்தால் எழுதுகிறேன். (பொய். அடித்துவிடுங்கள். மனசு உறுத்துவதால் எழுதுகிறேன்.)

1959 மார்ச். நான் பள்ளி இன்ஸ்பெக்டர். உத்திரமேரூர் பக்கம் ஓர் ஓராசிரியர் பள்ளி. வாத்தியார் ஏசுதாஸ், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை. வேலை பார்த்துக்கொண்டே பிரைவேட்டாக பி.ஏ. எழுதுகிறவர். இரண்டு முறை தோற்றவர்.

'பாலாற்று மணலில் வெயில்...' வேண்டாம். வெயில் என்ன செய்தது, பாவம்.

2
நான் ஆய்வுக்குக் குறித்த நாளிலேயே அவருக்குக் கடைசிப் பரீட்சை. பிள்ளைகளின் தலையை எண்ணித்தான் பள்ளிக்கு மானியம். வாத்தியார் இல்லையென்றால் மானியமும் போகும், வேலையும் போகும். ஆய்வுத் தேதியை மாற்ற முடியுமா என்று கடிதம் எழுதிக் கேட்டார். "ஏழு மணிக்கே வந்து எண்ணிவிடுகிறேன். எட்டு மணி பஸ்ஸில் காஞ்சிபுரம் போய்ப் பரீட்சை எழுதுங்கள்" என்று பதில் போட்டேன். என்ன பெருந்தன்மை!

3
அன்று காலை பள்ளி மேனேஜர் பஞ்சாட்சரம் என்னை வழிமறித்துத் தன் வீட்டுக்கு நாஷ்டாவுக்கு அழைத்துப் போனார்.

"அவரு பி.ஏ. படிச்சி இன்னா பண்ணப்போறாரு? குந்துங்க சார், இன்னொரு தோச."

வில்லன் கிடைத்துவிட்டான் என்று பேனா துள்ளுகிறது. ஆனால் தோசையைத் தின்றது என் வாய்தானே? சுவரில் கடிகாரமும் இருந்தது. பார்த்தேன்.

4
முடிவு அ: ஏழு மணிக்கே போய் எண்ணினேன். அவர் பஸ்ஸைப் பிடித்து...

முடிவு ஆ: என் ஜீப்பிலேயே அவரை... (எனக்கேது ஜீப்? சைக்கிள்தான்.)

5
நடந்தது இது. நான் போனபோது மணி ஒன்பது. கடலைக்கொல்லைக்குப் போக இருந்த பிள்ளைகளையெல்லாம் கெஞ்சிக் கூட்டிவந்து வரிசையாக உட்காரவைத்திருந்தார். அவர் மனைவி மேரி, பேனாவும் ஹால் டிக்கெட்டும் வைத்த பையோடு வாசலில் நின்றாள்.

"பஸ்ஸு அப்பவே பூடுச்சி சார். நீங்க வருவீங்க வருவீங்கன்னு ரோட்டையே பாத்துக்கினு இருந்தாரு."

ஏசுதாஸ் அவளைக் கையமர்த்தினார். "எண்ணிக்கோங்க சார். நாப்பத்திமூணு."

எண்ணினேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்ததால் இன்னொரு முறையும் எண்ணினேன். கிளம்பும்போது சைக்கிள் வரை வந்தார்.

"அடுத்த வருசமாவது தேதிய முன்னாடியே கேட்டுட்டு வைங்க சார்."

6
அடுத்த மார்ச்சிலும் அந்தப் பள்ளிக்குத் தேதி குறித்தவன் நான்தான். அவரைக் கேட்டேனா? இதற்கு மேல் கை ஓடவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தயவுசெய்து என்னை நல்லவனாக்கி முடித்துவிடாதீர்கள். நான்கு முறை அப்படி எழுதிப் பார்த்துவிட்டேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை.