ஆமென் போட ஒரு ஆள்

சத்தியவதி படத்தில் நடந்துபோகிற ஆளைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். தோள் வரைக்கும் சரியாக வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து டேப்லெட்டின் மேலிருந்து ஒரு பட்டை சரிந்து விழுந்தது: 'மீனு மகனுக்கு டைபாய்டு, ஜெபிக்கவும்.' அதைத் தள்ளப்போய் கை தடுமாறி, கோடு ஆளை விட்டுவிட்டு விளக்குக் கம்பத்தில் ஏறியது. அழிப்பதற்குள் ஆமென், ஆமென், ஆமென் என்று பட்டை மேல் பட்டை.

அவளும் சர்ச் ஜெபக் குரூப்புக்குள் போய் ஒரு ஆமென் போட்டுவிட்டு வந்தாள். திரும்பியபோது யாரை முடித்தோம், யாரை விட்டோம் என்பது மறந்திருந்தது. அப்படியே அனுப்பினாள். மதியத்துக்குள் படம் தப்பு என்று திரும்பி வந்தது.

வேலை இதுதான். எங்கோ பனி பெய்கிற ஊரின் தெருப் படங்கள் வரும். மனிதர், வண்டி, கம்பம் என்று ஒவ்வொன்றையும் பேனாவால் வளைத்து இன்னது என்று குறிக்க வேண்டும். தானாக ஓடும் காருக்கு அப்போதுதான் கண் தெரியுமாம். கம்பெனி டேப்லெட்டைக் கொடுத்து ஒரு வாரம் பரீட்சை வைத்திருந்தது. அவளுக்குத் திரும்பிய படங்கள் அனுமதித்த எல்லையைத் தொட்டுவிட்டன. "நாளைக்குப் படங்களோட கடைசிக் கட்டு வரும் மேடம். அதுல ஒண்ணு திரும்பினாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று மேற்பார்வை பார்க்கும் ஹரீஷ் சொல்லிவிட்டான்.

இது போனால் மறுபடியும் பிஸ்கட் கம்பெனிதான். வருஷக்கணக்காக அங்கே பெல்ட்டுக்கு முன்னால் நின்று பாக்கெட் அடுக்கியவள். கால் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்து, போன மழைக்காலத்தில் ஒன்று உடைந்து செருப்பெல்லாம் ரத்தம். இனி அந்தக் கால் நிற்காது. உட்கார்ந்து செய்கிற வேலை என்று அவளுக்கு வாய்த்தது இது ஒன்றுதான்.

சாயங்காலம் அவள் புருஷன் மனுவேல் மார்க்கெட் யார்டில் வெங்காய மூட்டை சுமந்துவிட்டு கட்கியில் இருக்கும் வீட்டுக்கு பஸ் ஏறி வந்தபோது, அவள் அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டான்.

"அந்த ஜெபக் குரூப்ப அணைச்சுப் போடேன்ட்டி."

"எப்படிங்க? நான்தான தலைவி."

"தலைவிக்கு என்ன, சம்பளமா தாராவ?"

"சும்மா இருங்க. ஆமென் போடலன்னா ஆளாளுக்குக் கேப்பாவ."

கேட்பார்கள் என்பது மட்டும் காரணமில்லை. கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, போனில் வந்து விழுந்த ஒவ்வொரு ஆமெனையும் விரலால் தடவிப் பார்த்தவள் அவள். யார் போடவில்லை என்பதும் இன்றுவரை மனசில் இருக்கிறது. அதனால்தான் கம்பெனி டேப்லெட்டிலும் குரூப்பைக் கொண்டுவந்து சேர்த்துவைத்திருந்தாள்.

மனுவேல் கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். "அப்ப போன என்கிட்ட குடு. நான் போடுதேன்."

"ஒங்களுக்குத் தமிழ் வாசிக்க வராதே. படிச்சது மராட்டி ஸ்கூல்."

"ஆமென் போட வாசிப்பு எதுக்கு? என்ன கேட்டாலும் பதில் ஒண்ணுதான?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாராவது போட்ட ஆமெனை அழுத்திப் பிடித்து நகலெடுத்துக் கீழே ஒட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். பிறகு டேப்லெட்டிலிருந்து குரூப்பை நீக்கினாள். வீடியோ, புடவைக்கடை, வானிலை எல்லாவற்றின் வாயையும் ஒவ்வொன்றாக அடைத்தாள்.

மறுநாள் அவன் அவளுடைய போனோடு போய்விட்டான். டேப்லெட்டில் படம் மட்டும் இருந்தது. அந்த அமைதி முதலில் அவளுக்கு ஆகவில்லை. ஒன்றுமே வராதபோதும் கை தானாகப் போய்த் திரையின் மேல்பக்கத்தைக் கீழே இழுத்தது. இழுத்துப் பார்த்து, காலி என்று கண்டு, வெட்கப்பட்டுத் திரும்பியது. வெகுநேரம் கழித்துத்தான் கை அடங்கியது.

அடங்கியபின் கண் திறந்தது. ஒரு படத்தில் லாரிக்குப் பின்னால் பாதி மறைந்து, பனியில் ஒருவன் மூட்டை சுமந்துகொண்டு போனான். முந்தின நாளாக இருந்தால் அவனை லாரியின் பாகம் என்று விட்டிருப்பாள். விதிப்படி சுமை தனி, ஆள் தனி. படத்தைப் பெரிதாக்கி, மூட்டை எங்கே முடிகிறது, முதுகு எங்கே தொடங்குகிறது என்று தேடினாள். கழுத்து முன்னால் நீண்டு கிடந்தது. தினம் அவள் எண்ணெய் தேய்த்துவிடுகிற கழுத்தும் அப்படித்தான் போயிருக்கிறது. மூட்டையை அவன்மேலிருந்து பிரித்து, அவனுக்கென்று ஒரு கோட்டை மெல்ல வளைத்து முடித்தாள். மதியம் கட்டு முழுவதையும் அனுப்பிவிட்டாள்.

இருட்டுகிற நேரத்தில் மனுவேல் வந்தான். போனை நீட்டினான்.

"ஒண்ணு விடாமப் போட்டுட்டேன். பக்கத்துல மூட்ட தூக்குதவன், என்ன அண்ணே, லவ்வான்னு கேக்கான். நடுவுல எவனோ இங்கிலீஷ்ல எழுதியிருந்தான். அவனுக்கும் ஒண்ணு ஒட்டிவிட்டேன். தப்பாட்டி?"

அவள் வாங்கிப் பார்த்தாள். ஹரீஷ். கடைசிக் கட்டு முழுக்கச் சரி, திங்கட்கிழமை சேர முடியுமா என்று கேட்டிருந்தான். கீழே ஆமென். அதற்குக் கீழே ஹரீஷ் அனுப்பிய சிரிக்கிற முகம்.

அவள் அதையே முதலிலிருந்து இன்னொரு தரம் வாசித்தாள். மனுவேல் பயந்துபோனான். "தெரியாமப் போட்டுட்டேன்னு எழுதிரு. என் பேரச் சொல்லு."

"வேல கெடச்சிருச்சுங்க."

அவன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தான். "கெடச்சிருச்சா" என்று இரண்டு தரம் கேட்டான். பிறகு, "மத்தவங்க எல்லாம் என்ன எழுதியிருந்தாவ? வாசி. எதுக்குப் போட்டேன்னு தெரியாண்டாமா" என்றான்.

அவள் அவன் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். மீனு மகனுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. எஸ்தரின் மருமகளுக்கு இந்தத் தடவையாவது வயிற்றில் தங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அவன் தலையாட்டி, வாயால் மறுபடியும் ஆமென் சொன்னான். ஒரு இடத்தில் வாசிப்பு நின்றது.

"என்னட்டி?"

"ஞாயித்துக்கெழம சர்ச்சு விருந்துக்கு நூறு பேருக்கு யாரு சப்பாத்தி போடுவான்னு கேட்டிருக்காவ. மொத ஆளா நம்ம ஆமென்."

"நூறா!"

"நீங்கதான போட்டீங்க?"

மனுவேல் அவள் நீட்டியிருந்த காலைப் பார்த்தான். "மாவு நான் பெசஞ்சு தாரேன். அடுப்புலயும் நானே நிக்கேன். நீ ஒக்காந்துகிட்டே தேயி."