நவநீதனின் உடம்புச் சூடு

பாலக்கோடு தக்காளி மண்டியில் எடை போடும் நவநீதனின் உடம்புச் சூடு, கல்யாணமான எட்டாம் வருடம் இருபத்தொன்பது டிகிரிக்கு இறங்கியது. அளந்தது பால் சொசைட்டி தெர்மாமீட்டரில். ஆஸ்பத்திரி தெர்மாமீட்டரில் அவ்வளவு கீழே எண் கிடையாது. அவன் வழக்கம்போல் வேலைக்குப் போனான், பசித்துச் சாப்பிட்டான். தருமபுரி டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு ஸ்வெட்டர் போடச் சொன்னார்.

காரணம் மனைவி கலைமணிக்கு மட்டும் தெரிந்தது. யுரேனஸ் என்னும் பனிக்கோளின் மேல்காற்று விடும் அகச்சிவப்பு ஒளியைப் பிரித்து, அதன் சூட்டைக் கணக்கிடுவது அவள் வேலை. தொலைநோக்கி கடல்கடந்த மலையொன்றில் இருந்தது. அங்கே இரவென்றால் பாலக்கோட்டில் பட்டப்பகல். அதனால் உலையை இறக்கிய கையோடு கணினி முன் உட்காருவாள். அந்தக் காற்று முப்பது வருடத்துக்கு மேலாக ஆறிக்கொண்டே வந்தது. ஒருநாள் அந்தக் கோட்டின் மேல், வாராவாரம் தான் குறித்துவைத்த புருஷனின் சூட்டையும் வரைந்து பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே இறங்கின.

தான் பார்ப்பதுதான் அவன் சூட்டை உறிஞ்சுகிறது என்று அவள் நம்பினாள். கண்ணில் கோளாறு என்று எழுதி அனுப்பி விடுப்பு எடுத்தாள். மழைக்காலம் முழுக்கக் கணினியைத் திறக்கவில்லை. கொள்ளு ரசம் வைத்தாள், பாதத்தில் வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். கார்த்திகையில் இருபத்தேழு. அன்று சோற்றைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

நவநீதன் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“நாலு மாசமா நீ பாக்கலையே, நின்னுச்சா?”

“இல்லீங்க.”

“அப்புறமென்ன? தராசுல ஏத்துனதாலயா பொட்டி கனக்குது?”

“எங்க போயி நிக்கும்னு தெரியலீங்களே.”

“எனக்கும் பயந்தான். ஆனா எவ்வளவுன்னு தெரியாம கெடக்கறது அதவுடப் பயமா இருக்குது. போயிப் பாரு.”

மறுநாள் மத்தியானம் அவள் மறுபடி உட்கார்ந்தாள். அவள் பார்க்காத நாலு மாதத்தில் கோளின் கோடும் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அடுத்த கோடையில் தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கு விழுந்தபோது, விற்காத பெட்டிகளை விவசாயிகள் நவநீதனின் நாற்காலியைச் சுற்றி அடுக்கினார்கள். பன்னிரண்டு நாள் வரை அழுகவில்லை. யாரும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. முன்கூட்டியே இடம் சொல்லிவைத்தார்கள். இப்போது அவன் இருபத்துமூன்று டிகிரியில் இருக்கிறான். கலைமணி இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு, அவன் நெஞ்சில் கை வைத்தபடிதான் தூங்குகிறாள். கை விறைத்துப்போனால் மற்றக் கையை வைக்கிறாள்.